ஓரம் தெரியாத படம்

எண்பதுகளில் கோல சிலாங்கூரில் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். பக்கத்து ஊரான ஜெராமில் ஒரு ஸ்டூடியோவில் இருந்த பெண், தனித்தனிப் படங்களை வெட்டி ஒட்டி ஒரே குடும்பப் படமாக்கித் தருவாள். என் வாடிக்கையாளர்களும் அங்கே போகவே, எனக்கு வயிறு எரிந்தது.

இறந்துபோன அப்பாவின் படத்தையும் அம்மாவின் படத்தையும் எடுத்துக்கொண்டு, யாரோபோல அவளிடம் போனேன். ஒல்லியான பெண். வெட்டும் முன் ஒவ்வொரு முகத்திடமும் “மன்னிச்சிருங்க” என்று முணுமுணுத்தாள்.

“ஒட்டின ஓரமே தெரியலையேம்மா?” என்றேன்.

“பின்னால சேன்ட் பேப்பர்ல தேச்சு மெலிசாக்கணும்ண்ணே, அவ்ளோதான்லா. உங்க ஸ்டூடியோவுலயும் செஞ்சு பாருங்க.”

நான் யாரென்று சொல்லாமலே தெரிந்துவிட்டதே என்று, படத்தை வாங்கிக்கொண்டு அவசரமாக வெளியேறினேன்.

வீட்டில் படத்தைத் தடவி அழுத அம்மா, “நீயாடா செஞ்ச?” என்றார்.

“ஆமாம்மா” என்றேன்.

அந்தப் பொய்யைத் திருத்தவே இல்லை. என்னை அடையாளம் தெரிந்தும் சொல்லிக்கொடுத்தாளே, அந்த மனசின்மீதும் எனக்குப் பொறாமைதான்.