காசிம் செய்யாத சத்தியம்

முதலில் வந்தது இருமல் இல்லை, களைப்பு. மேலூர் சாலையில் எதிர்காற்று அடித்தால்கூடச் சீட்டியடித்துக்கொண்டு மிதிக்கிற நான், அந்த மாசி மாதத்தில் பாதி வழியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினேன். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருந்தது. வெயில் என்று நினைத்தேன். உங்களில் யாருக்காவது அப்படிச் சாயங்காலக் காய்ச்சல் விடாமல் வந்தால், வெயில்மேல் பழி போடாதீர்கள்.

யுத்த காலம். மதுரைத் தந்தி ஆபீசில் சைக்கிளில் தந்தி கொண்டுபோகும் சேவகர்கள் ஏழு பேர் இருந்தோம். நானும் காசிமும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் பஞ்சர் ஒட்டினால் நான் காற்றடிப்பேன். பட்டாளத்திலிருந்து சாவுத் தந்தி வந்தால், யாருடைய பகுதியானாலும் இருவருமாகப் போவோம். அந்த வீட்டு வாசலில் தனியாக நிற்க இருவருக்கும் தைரியமில்லை.

அப்படி ஒத்தக்கடையில் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, புளியமரத்தடியில் எனக்கு இருமல் பிடித்தது. துப்பியது சிவப்பாக இருந்தது.

"வெத்தலையா மாப்ள?" என்றான் காசிம்.

"ஆமா."

"நீ என்னைக்குடா வெத்தலை போட்ட?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "யார்ட்டயும் சொல்லாத. வேலை போயிரும். சத்தியம் பண்ணு."

அவன் கையை உருவிக்கொண்டான். சைக்கிளில் ஏறிவிட்டான்.

மறுநாள் காலை, தந்தி மாஸ்டர் என்னை அழைத்து, டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. காசிம் ஜன்னலோரம் தலை குனிந்து நின்றான். "நீ நல்லாயிருப்பியாடா" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன்.

ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுத்தார்கள். க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்று டாக்டர் சொன்னார்.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரு மக. மூணு வயசு."

"தள்ளி வைங்க. நீங்க ஆறு மாசம் படுக்கணும். எந்திரிச்சு நடக்கவும் கூடாது."

மகளை என் மனைவி செல்லம்மா தாய்வீட்டில் விட்டுவந்தாள். நான் ஊருக்கு வெளியே இருந்த நோயாளிகள் விடுதிக்குப் போனேன். அங்கே விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி இறக்கிக் காற்றைச் செலுத்துவார்கள். கெட்டுப்போன நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும். வலியைத் தாங்கிவிடலாம். சும்மா கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. போர்வைக்குள் கால்கள் தாமாக மிதித்தன. கண்ணை மூடினால் யானைக்கல், சிம்மக்கல், மாசி வீதிகள் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். விழித்தால் அதே சுவர். இரண்டு முறை எழுந்து வாசல்வரை போனேன். இரண்டு முறையும் காய்ச்சல் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காசிம் வந்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, முதுகிடம் பேசுவதுபோல, "கோரிப்பாளையத்துல ரோடு தோண்டிப் போட்டிருக்கான் மாப்ள. சுத்தித்தான் போக வேண்டியிருக்கு" என்று எதையாவது சொல்வான். அப்புறம், "வாரேன்" என்று எழுந்து போவான். பன்னிரண்டு வாரம் நான் பதில் சொல்லவில்லை.

பதின்மூன்றாவது ஞாயிறு அவன் வரவில்லை. அன்று முழுக்கச் சைக்கிள் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன். வெறுக்கிறவனுக்காக இம்புட்டு தவிக்கிறோமே என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் நொண்டிக்கொண்டு வந்தான். முழங்காலில் கட்டு.

"எங்கடா போன?" என்று கத்திவிட்டேன். கத்தியதில் இருமல் வந்தது.

"மாட்டு வண்டில மோதிட்டேன். ஒண்ணுமில்ல, படு."

இருமல் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எங்க அக்காவும் இப்பிடித்தான் துப்புச்சு. மாமியா வீட்டுல தெரிஞ்சா தள்ளி வச்சிருவாகன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குச்சு. நானும் சொல்லல. அல்லாமேல பண்ண சத்தியமாச்சே. ரெண்டு மாசந்தான் மாப்ள. அது போயி, பின்னாடியே அது கைப்பிள்ளையும் போச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீ ஒம்மகளுக்கு வாயில மென்னு மென்னு ஊட்டுவ. நான் பாத்திருக்கேன்."

பெஞ்சில் இருந்த அவன் கையைத் தேடிப் பிடித்தேன். இந்த முறை அவன் உருவிக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் என்றது பதினொரு மாதமானது. என் மகளுக்கு நோய் தொற்றவில்லை. எனக்கு ஆபீசுக்குள்ளேயே தந்திகளைப் பிரித்து அடுக்கும் வேலை கொடுத்தார்கள். சைக்கிள் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் காசிமும் நானும் வைகைப் பாலத்தின் வழியே வீடு திரும்புகிறோம். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். எட்டு வருடம் அந்தப் பாலத்தில் பறந்திருக்கிறேன். அது லேசான ஏற்றம் என்பது எனக்குத் தெரியாது. இப்போது ஒரு பக்கத்து நுரையீரலின் மூச்சு அதைச் சொல்கிறது. நாலு விளக்குக் கம்பத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டும். இன்னும் கால்கள் முந்தப் பார்க்கின்றன. மூச்சுதான் இழுத்துப் பிடிக்கிறது.

நேற்றும் பாதியில் நின்றேன். பொறுமை கெட்டு, "நீ ஏறிப் போடா, ஒனக்கு நேரமாகுது" என்றேன்.

"எங்க போறேன்?" என்றான் காசிம். சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, என் மூச்சு வரும்வரை நின்றான்.