புது பஸ்ஸுக்கு ஒரு நன்றிக் கடிதம்

வன்னியம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தேன். அக்கா மட்டும் ஊரில் தனியாக இருந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் அவளுக்கு டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். விடிகாலை டவுன் பஸ்ஸை விட்டால் வேறு வண்டி கிடையாது.

அந்த பஸ் உள்ளேயே குடை பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒழுகும். அதை மாற்றச் சொல்லி மனு மேல் மனு எழுதியவன் நான். மனு எழுதுவதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தத் திமிரும் உண்டு.

கடைசியில் அரசு நிதி ஒதுக்கி, புது பஸ் வந்தது. சந்தனம் பூசி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பஸ்ஸுக்கு முன்னால் நின்று நன்றிக் கடிதம் வாசித்து டிப்போ அதிகாரியிடம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கடைசி வரி கம்பீரமாக முடிய வேண்டுமே என்று, ‘இனி எங்கள் ஊருக்குப் போக்குவரத்தில் ஒரு குறையும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும்தான்.

அடுத்த வாரமே பழைய பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். புது பஸ்ஸின் முதல் நடையோ ஒன்பதரைக்கு. டிப்போவுக்குப் போய்க் கத்தினேன். அதிகாரி ஒரு ஃபைலை என் பக்கம் திருப்பினார்.

“ஒரு குறையும் இல்லன்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்திருக்கீங்க? ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. இப்ப வந்து காலையில பஸ் வேணும்னா எப்பிடி?”

முத்து முத்தான என் கையெழுத்து. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இன்னொரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடிதத்தால்தான் இந்த வினை என்று ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறாய் என்று அக்காவிடம் போனில் கேட்டேன். “யாரு வண்டியிலயாவது ஏறிப் போயிருதேன். நீ ஒன் சோலியப் பாரு” என்றாள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். “லேட்டா வந்தா பெட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவோம்லா. ஒங்க அக்கா ரெண்டு மட்டம் அப்பிடித் திரும்பிப் போனாவ. பொறவு வரவே இல்லையே?”

ஊருக்கு ஓடினேன். முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸில் தூக்கிப் போனோம். வார்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?” என்று அழுதேன்.

“ஒன் கடிதாசியாலதான் பஸ்ஸு நின்னுச்சுன்னு டிப்போவுல கேட்டுட்டு வந்து ஊருல அம்புட்டுப் பேரும் பேசுதாவ. நானும் வந்து சொன்னா நீ தாங்குவியாலே?”

மறுநாள் மத்தியானம் அவள் இறந்துபோனாள்.