துப்பாக்கி லைசென்ஸுக்கு ஓர் எதிரி

தை பிறந்ததும் செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்குத் துப்பாக்கிகள் வர ஆரம்பித்துவிடும். லைசென்ஸ் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தரம் துப்பாக்கியை நேரில் கொண்டுவந்து காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ரெக்கார்டு ரூமுக்கு வெளியே சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைப்பார்கள். எண்ணைச் சரிபார்ப்பது, ரிஜிஸ்தரில் ஏற்றுவது, சணல் கயிற்றில் சீட்டு எழுதிக் கட்டுவது எல்லாம் என் வேலை. ஐம்பதுகளில் நான் அங்கே குமாஸ்தா. தாலுகாவில் இருக்கிற அத்தனை துப்பாக்கிகளையும் தொட்டிருக்கிறேன். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

மற்றவர்களுடைய துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பார்த்தால்தான் வயிறு எரியும். அது என் சகலையுடையது. என் மனைவியின் அக்காள் புருஷன். திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கிராமத்தில் அவருக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலைக் கொல்லை, இருந்தது. காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி, ஒரே ராத்திரியில் வேரோடு உழுதுவிட்டுப் போகும். பயிரைக் காப்பதற்கென்று அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள்.

மனுஷன் மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். அவருடைய புதுப்பித்தல் விண்ணப்பத்தை வருஷா வருஷம் எழுதிக் கொடுப்பது நான்தான். "எய்திக் குடு சகலை, உன் கையெழுத்த பாத்தா தாசில்தாரு கேள்வியே கேக்கமாட்றாரு" என்று பக்கத்தில் வந்து நிற்பார். எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் காட்ட வேண்டும். போட்டுவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்குவார். வாசலில் நிற்கிற சேவகன், ஆபீஸ் டவாலிகூட அவருக்கு ஒதுங்கி வழிவிடுவான். எனக்கு அவன் ஒரு நாளும் ஒதுங்கியதில்லை.

மாமனார் வீட்டில் கேட்கவே வேண்டாம். மூத்த மாப்பிள்ளை வந்தால் முதல் இலை அவருக்கு. அவர் கொண்டுவரும் பன்றிக் கறியை ஊரே பேசும். "மாமா இந்த தபா ரெண்டு பன்னி அடிச்சாராம், அக்கா சொல்லிச்சு" என்பாள் என் மனைவி. பெருமை அவளுக்கு அப்படிப் பொங்கும். கறியை மட்டும் நானும் சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவரப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம் அது. மத்தியானச் சாப்பாட்டின்போது ஆபீசில் அதைப் பற்றித்தான் விவாதம். எங்கள் ஹெட்கிளார்க் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். சீமையில் போலீஸ்காரனே வெறும் தடியோடுதான் ரோந்து போகிறான், சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துத் துப்பாக்கி இருந்தாலும் அதற்குப் பயிற்சியும் கணக்கும் உண்டு, அமெரிக்காவில் ஆணி வாங்குகிற கடையிலேயே துப்பாக்கியும் கிடைக்கிறது என்று ஒவ்வொரு தேசமாக அடுக்குவார்.

"அமெரிக்காக்காரன்தான் சரி" என்று நான் சண்டைக்குப் போவேன். "வெள்ளைக்காரன் நம்மைக் கண்டு பயந்து போட்ட சட்டம் சார் இது. நம்ம ஜனத்தை நம்ம சர்க்காரே நம்பலேன்னா எப்படி?"

"ஜனத்தை நம்பறேன்யா. கோவத்துல இருக்கிற ஜனத்தைத்தான் நம்பலை" என்பார் அவர். "கேக்கறவனை நாலு மாசம் அலையவிடு. எதுக்குன்னு எழுதிக் கேளு. பாதிப் பேருக்குக் கோவமே போயிடும்."

நான் விடமாட்டேன். சுதந்திரம், சுயமரியாதை என்றெல்லாம் பேசுவேன். மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே தலையாட்டுவார்கள். எனக்கு அமெரிக்காவும் தெரியாது, அரசியலும் தெரியாது. சகலையிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. என் கொள்கை அவ்வளவுதான்.

நானும் ஒரு லைசென்ஸ் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. 'துப்பாக்கி தேவைப்படும் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். எத்தனையோ பேருக்கு அதை நிரப்பிக் கொடுத்தவன் நான். பயிர்ப் பாதுகாப்பு என்று எழுத எனக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. மிச்சமிருந்தது உயிருக்கு ஆபத்து என்பது ஒன்றுதான். அதற்கு என்னைக் கொல்ல ஒருவன் வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்தேன். என்னைக் கொல்லும் அளவுக்கு யாருக்கும் என்மேல் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

அதனால் எனக்கு நானே ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன்.

முதல் தடவை எழுதியது இப்படி வந்தது: 'இதனால் அறிவிப்பது யாதெனில், தாங்கள் இன்னும் ஒரு மாத காலத்திற்குள் கொல்லப்படுவீர்கள்.' குமாஸ்தா புத்தி எங்கே போகும். கிழித்துப் போட்டுவிட்டு இடது கையால், எழுத்துப்பிழைகளோடு மறுபடி எழுதினேன். 'டேய், உன் கொட்டத்தை அடக்குறேன். உன்னை சுட்டுத் தள்ளுறேன் பார்.' எழுதும்போது அந்தக் குரல் எனக்குக் காதில் கேட்டது. சகலையின் குரல். அவர் என்னை ஒரு நாளும் டேய் என்று கூப்பிட்டவர் இல்லை. ஆனாலும் அவர் குரலில்தான் கேட்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். எல்லோரும் கடலில் முழுக்குப் போட்டுக்கொண்டிருக்க, நான் வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்க் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன். செங்கல்பட்டு முத்திரை விழக்கூடாதே.

கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கே வந்தது. பிரித்துப் படித்துவிட்டுக் கை நடுங்குகிற மாதிரி நடிக்கலாம் என்றிருந்தேன். நிஜமாகவே நடுங்கியது. ஹெட்கிளார்க் தன் டம்ளரில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். தாசில்தார் கூப்பிட்டு விசாரித்தார். ஒரு வாரத்துக்கு அந்த ஆபீசில் நான் முக்கியமான ஆள். அந்தச் சூட்டோடு சூடாக விண்ணப்பத்தைக் கொடுத்தேன். 'காரணம்: உயிருக்கு ஆபத்து. கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.'

விசாரணைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். கடிதத்தைப் பார்த்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வெட்டுவேன், குத்துவேன்னு எழுதலை. சுடுவேன்னு எழுதியிருக்கான். அப்ப அவன்கிட்ட துப்பாக்கி இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல யார்கிட்ட சார் துப்பாக்கி இருக்கு?"

அப்போதுதான் கவனித்தேன். ஆசை முழுக்கத் துப்பாக்கி மேல் இருந்ததால், கை தானாக 'சுட்டு' என்று எழுதியிருக்கிறது. தாலுகாவில் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரையும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

"சொந்தத்தில் என்றால், என் சகலையிடம் ஒன்று இருக்கிறது" என்றேன்.

"அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறு உண்டா?"

இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? "தகராறு என்று இல்லை. மாமனார் நிலத்தைப் பிரிக்கிற விஷயத்தில் கொஞ்சம்…" என்று இழுத்தேன். அப்படி ஒரு பேச்சே எங்கள் குடும்பத்தில் எழுந்ததில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் 'கொஞ்ச'த்தை நன்றாக அழுத்தி எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சகலையை ஸ்டேஷனுக்கு அழைத்து, விசாரணை முடிகிறவரை என்று துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பங்குனி பிறந்திருந்தது. கொல்லையில் மல்லாட்டை முற்றிப் பிடுங்குகிற பக்குவத்தில் இருந்தது.

அன்று எனக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்டால், நன்றாக வந்தது. டவாலி ஒதுங்கி வழிவிட இனி அவர் தோளில் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேதான் தூங்கினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அந்த வாரமே என் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஹெட்கிளார்க் வாசித்துக் காட்டினார். மனுதாரர் சந்தேகிக்கும் ஒரே நபரின் ஆயுதம் போலீஸ் வசம் இருப்பதால், மனுதாரரின் உயிருக்கு இப்போது ஆபத்து ஏதும் இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.

"நியாயமாத்தானே இருக்கு?" என்றார் ஹெட்கிளார்க். நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வெளியே வந்தால், வாசலில் சகலை நிற்கிறார். கையில் ஒரு மூங்கில் தடி.

"இன்னா சகலை, இப்டி எளச்சிட்ட?" என்றார். "ஸ்டேஷன்ல அல்லாம் சொன்னாங்க. எம்மேல சந்தேகம்னு சொன்னியாம். உசுரு பயத்துல இருக்கிறவன் எதுனா சொல்லுவான், அத வுடு. வூட்ல பொம்பளைங்களுக்கு நான் சொல்லல. நீயும் சொல்லாத."

நான் நடக்க ஆரம்பித்தேன். அவரும் கூடவே வந்தார்.

"எனக்கு இன்னா ரோசனைன்னா, கடுதாசி எய்தனவன் நான் இல்ல. அது எனக்குத் தெரியும். அப்டின்னா எவனோ ஒர்த்தன் நெசமாவே உன்ன சுடறதுக்கு சுத்திகினு கீறான். போலீசு என்ன புட்ச்சி வெச்சிகினு அவன வுட்டுட்ச்சி. உனக்கு லைசென்சும் குடுக்கலயாம். என் துப்பாக்கிதான் ஸ்டேஷன்ல இருக்குது, அத உனக்கு மாத்தித் தர முடியுமான்னு எஸ்.ஐ.ய கேட்டேன். சட்டத்துல எடம் இல்லன்னுட்டாரு. அதான் நானே வந்துட்டேன்."

பத்து நாட்கள் எங்கள் வீட்டில் தங்கினார். காலையில் என்னோடு ஆபீஸ் வரை வருவார். நாள் முழுக்க எதிரில் புளியமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே போகிறவன் வருகிறவன் முகத்தையெல்லாம் பார்ப்பார். சாயங்காலம் ஏரிக்கரை வழியாகத் திரும்பும்போது எனக்கு நாலடி பின்னால் தடியோடு வருவார். எவனாவது பின்னாலிருந்து சுட்டால் குண்டு யார்மேல் படும் என்பதை அவர் யோசித்து வைத்திருந்தார். எங்கிருந்தும் குண்டு வராது என்று தெரிந்த ஒரே ஆளான நான், அவருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

இன்றைக்குப் பேப்பரில் எங்கெங்கோ நடக்கிற துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் படிக்கும்போது, ஆணிக்கடையில் துப்பாக்கி விற்கிற ஊரில் நான் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எதிரியைத் தேட வேண்டிய அவசியமே வந்திருக்காது, அது உண்மை. நினைத்த மாத்திரத்தில் துப்பாக்கி வந்திருக்கும். அந்த வயிற்றெரிச்சலோடு அது என் கையில் இருந்திருக்கும். சுட்டிருக்கமாட்டேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் இடது கையால் அந்தக் கடிதத்தை எழுதியவனும் நான்தான் என்பதால், சத்தியம் செய்ய முடியவில்லை.

எட்டாம் நாள் கிராமத்திலிருந்து ஆள் வந்தான். பன்றிகள் இறங்கி முக்கால்வாசிக் கொல்லையைக் குடைந்துவிட்டன. சகலை முழுக்கக் கேட்டார். "மீதிய இருக்கிற ஆளுங்கள வெச்சிப் புடுங்குங்க, நான் வரமுடியாது" என்று சொல்லி அனுப்பினார். என் மனைவி அழுதாள். அவர் அவளை அதட்டினார். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போதும் எனக்கு அவர்மேல் பொறாமைதான் வந்தது. இரக்கம் வந்திருக்க வேண்டும், வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. எனக்காக இப்படி வந்து நிற்க அவருக்கு முடிந்தது. இந்த உலகத்தில் யாருக்காகவும் என்னால் அப்படி நிற்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பத்தாம் நாள் தாங்க முடியாமல் சொன்னேன். சாயங்காலம், ஏரிக்கரையில்.

"கடுதாசி எழுதினவன் ஆப்ட்டுட்டான், சகலை."

பாய்ந்து என் முன்னால் வந்து நின்றார். "யார்ரா அவன்?"

"உங்களுக்குத் தெரியாது. ஆபீஸ் பழக்கம். கண்டிச்சு விட்டுட்டாங்க. இனிமே செய்யமாட்டான்."

"அப்டி எய்தறதுக்கு நீ இன்னா பண்ண அவன?"

"ஒண்ணும் பண்ணல. பொறாமையில எழுதிட்டானாம்."

அவர் முகத்தில் பத்து நாளாக இருந்த இறுக்கம் அப்படியே கழன்று விழுந்தது. தடியைக் கரைமேல் ஊன்றிக்கொண்டு, ஏதோ புரியாத கணக்கைப் பார்க்கிறவர் மாதிரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உம்மேல பொறாமப்பட இன்னா கீது சகலை?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.