சின்னப் பெட்டிக்கு அட்டை கிடைக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் தறிக்காரர்கள் நடத்திய ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். 'நம் ஊருக்குச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தவர்' என்று மைக்கில் சொல்லி, டிசைன் அட்டை அடிக்கும் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்த முனிரத்தினம் பாவா — என் அக்கா கணவர் — தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்கிறீர்களா?

சேலை பார்டரில் பூவோ மாங்காயோ விழ வேண்டுமானால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வேண்டும். எந்த இழையைத் தூக்குவது என்று ஓட்டை போட்ட அட்டைகள்தான் அதற்குச் சொல்லும். அட்டை இல்லாத பெட்டி வெறும் இரும்பு.

அந்தப் பெட்டி நல்ல உயரம். எங்கள் ஊர் ஓட்டு வீடுகளில் இடிக்கும். லேத் பட்டறை வைத்திருந்த பாவா, எழுபதுகளின் ஆரம்பத்தில், கூரைக்கு அடங்குகிற மாதிரி ஒன்று செய்தார். எந்த விசைத்தறியிலும் மாட்டலாம். சோதனைக்குக் கையால் குத்திய நாலு அட்டையை வைத்து எங்கள் தறி ஒன்றில் ஓட்டினார். ஓடியது — நானே பார்த்தேன்.

ஒரே சிக்கல்... பெட்டி சின்னது என்பதால் அட்டையும் சின்னது.

இப்போது பொன்னாடை வாங்கிய அதே அட்டைக்காரரிடம் பாவா போனபோது நானும் போனேன். ஓட்டை குத்த இதற்கென்று புது அச்சு செய்ய வேண்டுமே, எத்தனை தறியில் இது ஓடுகிறது என்று கேட்டார். ஒன்றில் என்றார் பாவா.

"மொதல்ல ஊரெல்லாம் மாட்டிட்டு வாங்க. அப்பறம் அடிச்சித் தர்றேன்."

தறிக்காரர்களிடம் போனால், எத்தனை டிசைனுக்கு அட்டை கிடைக்கும் என்று கேட்டார்கள். இரண்டுமே எவ்வளவு நியாயமான கேள்விகள்! பெட்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நகரி வரை அலைந்தார். அங்கே பதில் தெலுங்கில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் ஒரு முழு டிசைனுக்கும் அவரே கையால் அட்டை குத்தினார். ஒரு மயில். தெரிந்த தறிக்காரர் ஒருவர் மாட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் கழற்றிக் கொடுத்தார்.

"எத்தினி சேலைக்கு நைனா மயிலயே வுட்டுகினு இருக்கிறது?"

பாவா பெட்டியைப் பட்டறை மூலையில் போட்டார்.

சில வருஷம் போனது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அதே அளவில் ஒரு பெட்டியோடு வந்து, அட்டைக்காரர் கையில் முன்பணமும் வைத்தது. இந்தத் தடவை எத்தனை தறி என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அச்சு வேண்டுமே? நேராகப் பாவாவின் பட்டறைக்குத்தான் வந்தார்.

பாவா செய்து கொடுத்தார்.

அக்கா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் சண்டைக்கே போனேன். பாவா லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நான் செய்யலன்னா அந்தப் பொட்டியும் அட்ட இல்லாம நின்னு பூடும்மா," என்றார். "நின்னா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியுமில்ல."

அந்தப் பெரிய மனசு எனக்கு இன்றுவரை வரவில்லை. அட்டைக்காரர் வாராவாரம் இந்தப் பத்தியை விடாமல் படிப்பாராம் — படிக்கட்டும்.