அன்ன பேக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுவிடுவார் அவர். புருவத்தில் எப்போதும் மில் பஞ்சு ஒட்டியிருக்கும். மூன்று நாளாக ராஜபாளையம் வரை நின்றுகொண்டே போன கடுப்பில் கேட்டேன்.

"யாருக்குங்க இந்த எடம்?"

"எங்க அண்ணனுக்கு. மடவார் வளாகத்துல ஏறுவாவ."

"தினமும் எடம் புடிச்சே ஆகணுமா?"

அவர் கோபப்படவில்லை. "ஆறு வருசம் பேசாம இருந்தோம், தம்பி" என்றார்.

மில் வேலையாகப் பெங்களூர் போனபோது, நம் ஊரில் ஓடிய அண்ணன் தம்பிகள் படத்தைக் கன்னடத்தில் மறுபடி எடுத்திருந்தார்களாம். போய்ப் பார்த்திருக்கிறார். பிரிந்துபோன தம்பி வீடு திரும்பும் காட்சி. தமிழில் அவன் வாயே திறக்கமாட்டான். கன்னடத்தில் வாசலில் நின்று "அன்ன பேக்கு" என்றானாம்.

"எங்க வீட்ல தெலுங்கு. அன்னன்னா அண்ணன். பேக்குன்னா வேணும்னு டீக்கடையில படிச்சிருந்தேன். அண்ணன் வேணும்ங்கான்னு அழுதுட்டேன். அன்னைக்கே பஸ் ஏறி நேரா அவிய வீட்டுக்குப் போயிட்டேன். பொறவுதான் ஒரு கன்னடக்காரர் சொன்னாரு, அவன் சோறுல்ல கேட்டிருக்கான்னு."

சிரித்துவிட்டேன். "அண்ணன்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"என்னத்தச் சொல்ல? கதவத் தொறந்ததும் அவிய கேட்டதே 'அன்னம் தின்னாவா'ன்னுதான். சோறு சாப்பிட்டயான்னு."

மறுநாள் நான் முந்தி ஏறினேன். பக்கத்துப் பக்கத்து சீட்டு இரண்டிலும் என் துண்டை விரித்துப் போட்டுவிட்டு, நின்றுகொண்டேன்.