எரிந்த வரைபடங்களை மீண்டும் வரைந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. கிரியைக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் தரும் இந்த நினைவு மலரில், அவரைப் பொறுமைசாலி என்று எழுதும்படி பலர் கேட்டார்கள். அக்கா பொறுமைசாலி அல்லர், கோபக்காரர். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதை எழுதுவதே தம்பியாகிய என் கடமை.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலையில் இருந்தார். பின்னர் கண்டி நகரத்து மஹய்யாவவுக்குக் குடிவந்தோம். பள்ளிப் படிப்பு முடிந்ததும், தேயிலை இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் கண்டிப் பட்டறை ஒன்றில் அக்கா சேர்ந்தார். முறிந்து வரும் பாகங்களை அளந்து வரைபடமாக்குவது அவர் பொறுப்பு. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் பட்டறையோடு வரைபட அலுமாரியும் எரிந்தது. ஊரடங்கு தளர்ந்த அன்றே போய்ச் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சது என்னோட தப்புடா" என்றார். எரித்தவர்களை விட்டுவிட்டு அவர் தன்னையே திட்டிக்கொண்டது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்து பிலிமத்தலாவையில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கி, எரிந்ததையெல்லாம் மீண்டும் அளந்து வரைந்தார். சில ஆண்டுகளில் அங்கே கடிதம் அடிக்க ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அக்கா சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போய், அதில் வரையக் கற்றுக்கொண்டார். எந்த இயந்திரத்துக்கு எந்தப் பாகம் எப்போது போனது என்பதையும் பதிந்து வைத்தார்.

"சாமானைக் குடுத்ததோட நம்ம வேலை முடியலீங்க. அது ஒடையிறதுக்கு முந்தியே போன் பண்ணிச் சொல்லணும்" என்று முதலாளியிடம் சொன்னார்.

"நாங்க இரும்பு விக்கிறது மிஸ், கதை விக்கிறது இல்ல" என்றார் அவர்.

அக்கா விடவில்லை. ஒருநாள் தாமாகவே ஹந்தானைத் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் பேசி, உலர்த்தும் இயந்திரத்தின் அச்சைத் தாங்கும் பெயரிங் தேய்ந்திருக்கும், கழற்றிப் பாருங்கள் என்றார். அங்கே தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் கழற்றிப் பார்த்தபோது அது விரிசல் விட்டிருந்தது. கொழுந்து குவியும் மாதத்தில் தொழிற்சாலை நிற்காமல் தப்பியது. அதன்பின் மற்றத் தொழிற்சாலைகளும் கேட்கத் தொடங்கின. மின்னஞ்சல் வசதி வந்ததும் அவரவர் இயந்திரத்தின் வரைபடத்தை அவரவருக்கே அனுப்பினார். ஓடர் வருமுன்னே பாகம் தயாராக இருக்கும். செய்து விற்பதும், விற்றதைக் கவனித்துக்கொள்வதும் அக்காவின் ஒரே மேசைக்கு வந்தன.

அப்போதுதான், போர்க்காலச் சோதனைச் சாவடி ஒன்றில் பொலிஸார் அவரைப் பிடித்தார்கள். பையில் வரைபடங்களும் டிஸ்குகளும் இருந்தன.

"இது என்ன குழாய்?"

"தேயிலை காய வைக்கிற மெஷினுக்குக் காத்து போற குழாய்ங்க."

நம்பவில்லை. நான்கு நாட்கள் தடுத்து வைத்தார்கள். பட்டறைக் கம்ப்யூட்டரையும் கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் அந்த டீமேக்கர், சிங்களவர், ஒரு பழைய குழாயைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து, பொலிஸ் மேசையில் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அக்காவை விட்டார்கள். டிஸ்குகளும் கம்ப்யூட்டரும் திரும்பவில்லை. விசாரணை முடியவில்லையாம்.

வேலையை விட்டுவிடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அக்கா மறுநாளே ஒவ்வொரு தொழிற்சாலையாகத் தொலைபேசியில் அழைத்தார். "நான் அனுப்பின படம் ஒங்ககிட்ட இருக்குந்தானே, திருப்பி அனுப்புங்க." இரண்டு மாதத்தில் ஏறக்குறைய எல்லாம் வந்து சேர்ந்தன. அலுமாரியில் பூட்டியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பிறகு பட்டறையில் சேவைப் பிரிவு என்று தனியாகத் திறந்தார்கள். தலைவராக முதலாளியின் உறவினரைப் போட்டார்கள். அவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவர் அக்காதான். தன்னை ஏன் போடவில்லை என்று அக்கா கேட்டதற்கு முதலாளி சொன்னது, "ஒங்களுக்கு ரோட்டுல போய்வரக் கஷ்டந்தானே மிஸ்."

அன்று வீட்டுக்கு வந்து அக்கா சொன்னார்: "அவுங்க புடிச்சது நாலு நாளு. இவரு அதையே சொல்லி ஆயுசுக்கும் புடிச்சி வச்சிட்டாரு."

புற்றுநோய் வந்த பிறகும் ஏழு மாதம் வேலைக்குப் போனார். கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, ஒரு தொழிற்சாலைக்குப் பாகத்தின் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவுபகல் பாராது பார்த்துக்கொண்ட தாதியருக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த மஹய்யாவ அயலவருக்கும், சாவடிகளைத் தாண்டி வவுனியாவிலிருந்து வந்த உறவினருக்கும், அன்று சாக்கோடு வந்த அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பட்டறையிலிருந்தும் அனுதாபக் கடிதம் ஒன்று வந்தது. "எமது நிறுவனத்தில் இலிகிதராகக் கடமையாற்றிய" என்று அது தொடங்குகிறது. அவர்களுக்கு அக்கா வெறும் கிளார்க். அதையும் மலரில் அச்சிடும்படி சிலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அதற்கென ஒதுக்கிய பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.