முதல் தண்ணீர் ஓடைக்கு

எங்கள் தெருக் கிணற்றில் மழைநீரை இறக்க வேண்டும் என்று பேரூராட்சி எடுத்த வேலையில் எனக்கும் ஒரு உத்தியோகம் வந்து சேர்ந்தது. சம்பளம் கிடையாது. கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்பதுதான் தகுதி.

கிணற்றைத் தூர்வாரி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, தெருவின் மழைநீர்க் கால்வாயை அதனோடு சேர்த்திருந்தார்கள். சேரும் இடத்தில் ஒரு இரும்புப் பலகை. அது இறங்கியிருந்தால் தண்ணீர் ஓடைக்குப் போகும், தூக்கினால் கிணற்றுக்குள் விழும். "மொதத் தண்ணி தெருவக் கழுவிட்டு வரும்மா. அதை ஓடைக்கு விட்ருங்க. தெளிஞ்ச பெறகு தூக்குனாப் போதும்," என்று சொல்லிவிட்டு என்ஜினீயர் பைக்கில் ஏறிவிட்டார். எங்கள் குடிதண்ணீரே இந்தக் கிணற்றிலிருந்து மோட்டார் வழியாகக் குழாய்க்கு வருவதுதான். அந்தக் கோடையில் அடிமண் தெரிந்தது. லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்து தெருவே சிடுசிடுத்துக் கொண்டிருந்தது.

சித்திரையில் ஒரு மத்தியானம் மேகமலைப் பக்கம் கறுத்தது. ஓடைப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற என் கொழுந்தன், மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்று மருந்தடிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, தன் வீட்டு வாசலில் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினான். மிச்சமிருந்த மயில்துத்தம் நீலமாகக் கால்வாயில் இறங்கியது. நான் திட்ட வாயெடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால் அப்படியொரு மழை. நனைந்தபடியே பெண்கள் கிணற்றடிக்கு ஓடி வந்தார்கள். முதலில் வந்தது எதிர்வீட்டு அத்தை, இடுப்பில் குடத்தோடு.

"ஏத்தா, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? பலகையத் தூக்கு!"

"தண்ணி நீலமா வருதுத்தை."

"வந்தா என்ன? துத்தந்தான? அந்தப் பழத்தத்தான திங்கிறோம். செத்தா போயிட்டோம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெளிவு பார்க்கக் கையோடு கொண்டுவந்திருந்த கண்ணாடித் தம்ளரில் கால்வாய்த் தண்ணீரை மொண்டு அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "குடிங்க பாப்பம்," என்றேன். அத்தை தம்ளரைத் தட்டிவிட்டாள். பின்னால் இருந்து யாரோ, "பெரிய கலெக்டரு இவ," என்றார்கள். தண்ணீர் திமுதிமுவென்று ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாய்தான் வீராப்பாகப் பேசியதே தவிர, என் கண்ணும் ஓடைக்குப் போகிற தண்ணீரின் பின்னாலேயே போனது. இந்த மழையை விட்டால் அடுத்த மழை என்றைக்கோ. நாளைக்கு லாரி முன்னால் இதே முகங்களோடு நானும்தானே நிற்க வேண்டும்?

மறுபடி மொண்டேன். வெளிர் நீலம். இன்னொரு தடவை மொண்டபோது தம்ளருக்கு அந்தப் பக்கம் என் விரல்கள் பளிச்சென்று தெரிந்தன. அத்தையும் எட்டிப் பார்த்தாள். மழையின் சத்தம் குறைய ஆரம்பித்திருந்தது.

"இனியாச்சும் தூக்குடி!"

குனிந்து பலகையின் பிடியில் கை வைத்தேன். அதுவரை தன் வாசலில் நனைந்துகொண்டு பேசாமல் நின்ற கொழுந்தன் ஓடி வந்து, என் கைமேல் கை வைத்துப் பலகையை அழுத்தினான்.

"தொறக்காதீக மதினி."

"தெளிஞ்சிருச்சுல்ல தம்பி?"

"துத்தந்தான் தெளிஞ்சிருக்கு. நேத்து அடிச்ச பூச்சி மருந்தும் அந்த டிரம்முலதான் கெடந்துச்சு. அதுக்குக் கலரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இன்னைக்குப் பூராம் வேணாம்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் என் கையாலேயே திறந்துவிட்டிருப்பேன். அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. எங்கள் கண் முன்னாலேயே மழை தூறலாகி நின்றது. கிணற்றுக்குள் ஒரு குடம் தண்ணீர்கூடப் போகவில்லை.

"பாவிப்பயலே, வாசல்லயாடா அதைக் கழுவுவ?" என்று அத்தை அவன்மேல் பாய்ந்தாள். "இம்புட்டு நாளும் எங்கனடா கழுவுன?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. கம்பிவேலிக்கு உள்ளே, கிணற்றை ஒட்டிக் கிடந்த துவைகல்லைக் காட்டினான்.

"வேலி போடுற வரைக்கும் இங்கனதான் அத்தை. ஒங்க வீட்டு டிரம்மையும் இங்கனதான கழுவுனாக."

அத்தை இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். அதை எடுக்காமலே வீட்டுக்குப் போனாள்.